மண்ணுக்கு ஜாதகம்

இந்த உலகத்தில் மண்ணுக்கு ஜாதகம் எழுதிய ஒரே மனிதர் ஜப்பான் சாமிதான். மறுக்கிறவர்கள் தாராளமாக மைசூருக்கு வந்து என்னோடு சண்டை போடலாம். பென்ஷன்காரன் நான், நேரம் நிறைய இருக்கிறது.

மகாராஜா காலத்துச் சமாசாரம் இது. நான் கொள்ளேகாலில் பட்டுத் தறிக் குழிக்குள் காலை விட மாட்டேன் என்று அடம் பிடித்து, டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு, மைசூரில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். தொழிற்சாலை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்னால் ஆபீஸ், பின்னால் முற்றம், முற்றத்தில் இரண்டு சூளை, ஒரு கிணறு. ஊறுகாய் ஜாடியும் சாக்கடைக் குழாயும் செய்வோம். ஜாடி சுமாராக வரும். குழாய் நன்றாக வரும்.

அங்கே மண் பரிசோதகராக இருந்தவர்தான் ஜப்பான் சாமி. வருகைப் பதிவேட்டில் அவருடைய பெயர் ஒன்றரை வரி நீளத்துக்கு இருக்கும். அதை யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. மேலுகோட்டைப் பக்கத்து வைஷ்ணவக் குடும்பம். குடுமி, பன்னிரண்டு திருமண், பஞ்சகச்சம், அதற்கு மேலே ஜப்பானிலிருந்து கொண்டு வந்த பஞ்சு வைத்துத் தைத்த ஒரு கோட்டு. சித்திரை வெயிலிலும் அதைக் கழற்ற மாட்டார். தொழில் கற்றுக்கொள்ள இரண்டு வருஷம் ஜப்பானில் இருந்தார். போகும்போது அரிசி மூட்டை, அப்பளக் கட்டு, புளிக்காய்ச்சல் ஜாடி மூன்று. இரண்டு வருஷமும் தானே சமைத்துச் சாப்பிட்டார். அங்கே அவர் பார்த்த அதிசயங்களைச் சொல்லச் சொன்னால், புளிக்காய்ச்சல் எந்தத் தேதியில் தீர்ந்தது என்று சொல்வார்.

அங்கிருந்து அவர் கொண்டு வந்த வித்தைக்கு 'ராக்கு' என்று பெயர். மற்றப் பாத்திரங்களைச் சூளையில் அடுக்கி, பகல் முழுக்கச் சுட்டு, இரண்டு நாள் ஆறவிட்டு எடுப்பார்கள். ராக்குக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. கிண்ணம் உள்ளே செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருக்கும்போதே இடுக்கியால் பிடித்து வெளியே இழுத்துவிட வேண்டும். நெருப்பிலிருந்து காற்றுக்கு, காற்றிலிருந்து தண்ணீருக்கு. ஒரு மணி நேரத்தில் கிண்ணம் கைக்கு வந்துவிடும். இந்த அடியைத் தாங்குகிற மண்ணாக இருந்தால்.

எங்கள் ஊர் மண் தாங்கவில்லை. இழுப்பார், 'டப்' என்று விரிசல் விட்டுவிடும். மறுபடி வேறு மண், வேறு கிண்ணம், மறுபடி 'டப்'. பதினோரு தடவை இப்படி. சூளையின் மேல்கூரையில் குடியிருந்த புறாக்கள் நாலாவது தடவையோடு ஜாகையை மாற்றிக்கொண்டன. எங்களுக்கு அந்த வசதி இல்லை.

"மண்ணுமேல தப்பில்லை ஓய். எனக்குத்தான் பார்க்கத் தெரியலை" என்பார் சாமி. என்னை அவர் கூப்பிடுவது 'ஓய் டைப்பு' என்று.

பார்க்கத் தெரியவில்லை என்று அவர் சொன்னாரே தவிர, அவரைப் போல மண்ணைப் பார்த்தவர் எவருமில்லை. வழியில் யாராவது கிணறு வெட்டினால் போதும், ஓடுகிற ஜட்காவிலிருந்து குதித்துவிடுவார். ஒரு பிடி எடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, புழு மாதிரி உருட்டி விரலில் மோதிரமாகச் சுற்றுவார். வெடித்தால் 'ரொம்பக் கோபம்' என்று தூக்கிப் போடுவார். வெடிக்காவிட்டால் வேட்டியில் முடிந்துகொள்வார். சொந்த மச்சினன் கல்யாணத்துக்குப் போகும் வழியில் இப்படிக் குதித்தவர், முகூர்த்தம் முடிந்து இலை போட்ட பிறகுதான் வந்து சேர்ந்தார். பஞ்சகச்சத்தில் கால் வீசை களிமண் தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய மனைவி அன்றைக்குப் பேசியதை எழுத முடியாது.

வீட்டுக்கு வந்த மண்ணுக்கு உடனே ஜாதகம். கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று வைத்திருந்தார். எந்த ஏரி, எந்த மூலை, எத்தனை முழம் ஆழம், வெட்டிய அன்று என்ன நட்சத்திரம், காய்ந்தபோது எவ்வளவு சுருங்கியது, சுட்டபோது என்ன நிறம், எல்லாம் எழுதுவார். மண்ணோடு மணல் சேர்ப்பதானால் இரண்டு ஜாதகத்தையும் வைத்துப் பொருத்தம் பார்ப்பார். யாராவது தெரியாத்தனமாக "இது என்ன மண்ணு சாமி?" என்று கேட்டுவிட்டால் தொலைந்தது. நோட்டைப் பிரித்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்துக் காட்டுவார். பாதியில் நிறுத்தத் தெரியாது. ஒரு வரியை விட்டுவிட்டுப் படிக்கவும் தெரியாது. இந்த இரண்டும் பின்னால் வேண்டியிருக்கிறது, ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணைப் பிசைவதற்கும் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு திவ்ய தேசத்தின் பெயர் சொல்லி ஒரு பிசை. ஸ்ரீரங்கத்தில் ஆரம்பிப்பார். நூற்றெட்டு திவ்ய தேசம் ஆயிற்றே, ஆனால் நூற்றாறோடு நிறுத்திவிடுவார். ஒரு நாள் காரணம் கேட்டேன்.

"மத்த ரெண்டும் பூலோகத்துல இல்லையே ஓய். பாற்கடலையும் வைகுண்டத்தையும் எதுக்கு மண்ணுல இழுக்கறது?" என்றார். சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "போச்சு. காஞ்சிபுரத்துல இருந்தேன். எந்தக் கோயில்னு மறந்துடுத்து."

மறுபடி ஸ்ரீரங்கம்.

பிசைந்த மண்ணுக்குள் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று கம்பியால் அறுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு அவர் வைத்திருந்தது வீணைத் தந்தி. மைசூரில் வீணைத் தந்திக்கா பஞ்சம்? கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, மனைவியின் வீணையிலிருந்தே அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டார். நவராத்திரி முதல் நாள் அந்த அம்மாள் வாசிக்க உட்கார்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பிறகு அறுத்த மண்ணைப் புளிக்க வைப்பார். "தோசை மாவு புளிக்கலேன்னா தோசை விண்டு போகும். மண்ணும் அப்படித்தான்" என்று சொல்லி, மூன்று நாள் பழைய மோரை ஊற்றிச் சாக்கால் மூடி, சரியாக என் ஜன்னலுக்குக் கீழே வைப்பார். அந்த வாசனையில் நான் அடித்த கடிதங்களில் எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கும். மேலதிகாரி என்னைத்தான் திட்டினார்.

ஜாடி செய்யலாம், குழாய் செய்யலாம். இந்த ஒரு கிண்ணத்துக்காக ஏன் இந்தப் பாடு? கிறுக்கு என்றுதான் நானும் நினைத்தேன். காரணம் அவருடைய அண்ணா.

அண்ணா மேலுகோட்டையில் பெரிய பண்டிதர். தகப்பன் இல்லாத குறை தெரியாமல் சாமியை வளர்த்தவர். சாமி கப்பல் ஏறினது அவருக்குப் பொறுக்கவில்லை. கடல் தாண்டினவன் வீட்டுப் பாத்திரத்தில் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சாமி திரும்பி வந்து பிராயச்சித்தமெல்லாம் செய்தார். அண்ணா மசியவில்லை. ஆனால் தம்பியைப் பார்க்காமலும் அவரால் இருக்க முடியாது. மாதம் ஒரு தடவை மைசூருக்கு வருவார், தம்பி வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவார், பிறகு நாக்கு வறள எழுந்து போய்ப் பக்கத்து வீட்டில் தீர்த்தம் வாங்கிக் குடிப்பார். ஏழு வருஷம் இது நடந்தது. சாமி எங்கே போனாலும் கையில் ஒரு பித்தளைச் சொம்பு இருக்கும். அவர்கள் அம்மாவின் சொம்பு. சின்ன வயதில் இரண்டு பேரும் அதில்தான் குடித்தார்களாம். அந்தச் சொம்பையும் அண்ணா தொடுவதில்லை.

ராக்குக் கிண்ணத்தை வைத்து சாமி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மேலுகோட்டைக்குப் போய் வாதமும் பண்ணிவிட்டு வந்தார். புது மண்பாத்திரத்துக்குத் தீட்டு இல்லை. அதுவும் கண்ணெதிரே அக்கினியிலிருந்து நேராக வருகிற பாத்திரம். அதில் குடிக்க என்ன தடை? அண்ணா நாலு நாள் சுவடியைப் புரட்டிவிட்டு, "பாத்திரம்தான் தோஷம், தீர்த்தத்துக்குத் தோஷமில்லை. என் கண்ணெதிரே நெருப்பிலேர்ந்து வரட்டும். விரிசல் இல்லாம முழுசா வரட்டும். பார்க்கலாம்" என்றாராம். எனக்கென்னவோ அவரும் ஏழு வருஷமாக ஒரு சந்து தேடிக்கொண்டிருந்தார் என்றுதான் தோன்றியது.

இந்த நிலைமையில்தான் பதினோராவது கிண்ணமும் வெடித்தது. எங்கள் மேலதிகாரி சாமியைக் கூப்பிட்டு, தசரா பொருட்காட்சிக்கு முன்னால் முழுக் கிண்ணம் ஒன்றாவது தன் மேஜைக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் ராக்கு மூடப்படும், சாமி சாக்கடைக் குழாய்ப் பிரிவுக்குப் போக வேண்டியது என்று கன்னடத்தில் பொரிந்து தள்ளினார். எச்சரிக்கைக் கடிதத்தை நான்தான் அடித்தேன். சாமி அதை வாங்கி, பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு, ஒரு மண்ணின் ஜாதகத்தை எழுதிக்கொண்டார்.

விடிவு வந்தது அந்தோணி மூலமாக. அந்தோணி எங்கள் சூளைக்காரர், கொள்ளேகால் பக்கத்து மார்டள்ளி ஊர்க்காரர். அன்று மத்தியானம் வீட்டிலிருந்து கொண்டு வந்த ஆட்டுக்கறிச் சட்டியைச் சூளை வாயில் வைத்துச் சுட வைத்தார். கொதித்ததும் எடுத்து ஈரத் தரையில் வைத்தார். சாமி மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, நாலடி தள்ளி நின்று, அந்தச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தோணி, ஈரத்துல வச்சியே. விரியலையே?"

"விரியாதுங்க சாமி. என்ற மாமியா கலியாணத்துக்குக் குடுத்த சட்டிங்க. ஆறு வருசமா நெருப்புல ஏறுது எறங்குது. அதுக்குப் பழகிப் போச்சுங்க."

சாமி துண்டை எடுத்துவிட்டார். மூக்கு மறந்துவிட்டது.

"பழகிப் போச்சு! கேட்டீரா ஓய்? மணல்ல என்ன இருக்கு? அதுக்கு அடுப்பே தெரியாது. தினம் நெருப்புல ஏறி இறங்கின சட்டியைப் பொடி பண்ணிக் கலந்தா, அது புது மண்ணுக்குத் தைரியம் சொல்லும்!"

சரி, ஆனால் சமைக்கிற சட்டியை யார் கொடுப்பார்கள்? அதற்கும் வழி வந்தது. அந்த மாதம் சூரிய கிரகணம். கிரகணம் விட்டதும் பல வீடுகளில் அடுப்பில் இருக்கும் பழைய மண்சட்டியைத் தெருமுனையில் போட்டு உடைத்துவிட்டுப் புதுச் சட்டி ஏற்றுவார்கள். ஊரில் இருக்கிற வைதீகர்களெல்லாம் தலை முழுகிக்கொண்டிருந்த நேரத்தில், ஜப்பான் சாமி பன்னிரண்டு திருமண்ணோடும் ஒரு கோணியோடும் தேவராஜ மொஹல்லாவில் தெருத்தெருவாகச் சட்டி பொறுக்கினார். கோணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு போன பாவி நான்தான்.

ஒரு பூக்கார அம்மாள் பதறிப்போய், "ஸ்வாமி, முட்டபேடி! கிரகணச் சட்டி!" என்று கத்தினாள்.

சாமி கையெடுத்துக் கும்பிட்டார். "தொட்டாச்சும்மா. இதுல என்ன சமைப்பே? எத்தனை வருஷம்?" என்று கேட்டு நோட்டை விரித்தார். அவள் பயந்துபோய்ப் பதில் சொன்னாள். அப்படியே வீடு வீடாக. மறுநாள் அந்தோணியும் ஒரு துணி மூட்டையை நீட்டினார். "எங்கூட்ல கிரகணமெல்லாம் பாக்கறதில்லீங்க. ஆனா நீங்க அந்தப் பார்வை பாத்தீங்களே சாமி, மனசு கேக்கல" என்றார். மூட்டைக்குள் ஆட்டுக்கறிச் சட்டி. அவருடைய மனைவி ஒரு வாரம் அவருக்குச் சோறு போட்டாளே தவிரப் பேசவில்லை.

சில்லுகளை இடித்துச் சலித்து, ஏரி மண்ணும் புற்று மண்ணும் சேர்த்து, நூற்றாறு பிசைந்து, மோரில் புளிக்க வைத்து, மூன்று கிண்ணம் வனைந்தார். ஆயுத பூஜைக்கு நாலு நாள் முன்னால் சூளை மூட்டினோம். மத்தியானம் மூன்று மணிக்கு மேலதிகாரி வருவதாக ஏற்பாடு. இரண்டு மணிக்கே அண்ணா வந்துவிட்டார். ஒல்லியான, நெட்டையான மனிதர். மேலுகோட்டையிலிருந்து வந்த புழுதி முகத்தில் இருந்தது. சூளைக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தார். வழியில் எங்கேயும் அவர் தண்ணீர் குடிக்கவில்லை என்பது உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது.

அந்தோணி இடுக்கியைச் சூளைக்குள் விட்டார். முதல் கிண்ணம் வந்தது. 'டப்'. இரண்டாவது வந்தது. காற்றில் தாங்கிற்று, தண்ணீரில் விட்டதும் 'டப்'. சாமி நோட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் கிறுக்கரை வேடிக்கை பார்க்கத்தான் நின்றேன் என்று இத்தனை நாள் சொல்லி வந்திருக்கிறேன். அது பொய். நானும் வாய்க்குள் ஸ்ரீரங்கத்திலிருந்து எண்ண ஆரம்பித்திருந்தேன்.

மூன்றாவது கிண்ணம் நெருப்பு நிறத்தில் வந்தது. காற்றில் நின்றது. தண்ணீரில் 'ஸ்ஸ்' என்று ஆவி விட்டு இறங்கியது. சத்தம் இல்லை. வெளியே எடுத்து அந்தோணி விரலால் சுண்டினார். கணீர் என்றது. கறுப்பு நிறம், கொஞ்சம் கோணல். அழகு என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆறியதும் சாமி கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து அதில் விட்டு, இரண்டு கையாலும் அண்ணாவிடம் நீட்டினார். அண்ணா வாங்கிக்கொண்டார். அத்தோடு குடித்திருக்கலாம். மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டார்.

"அம்பி, இது என்ன மண்ணு?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். நோட்டு பிரிகிற சத்தம் கேட்டது.

"ஏரி மண்ணு ரெண்டு பங்கு, வடக்கு மூலை, மூணு முழம் ஆழம், ரோகிணி நட்சத்திரம். புத்து மண்ணு ஒரு பங்கு. புளிச்ச மோர். சில்லுப் பொடி ஒரு பங்கு. விவரம்: தேவராஜ மொஹல்லா பூக்காரம்மா ஆத்துக் கூழ்ச் சட்டி, நாலு வருஷம். வண்டிக்காரர் ஆத்துக் களிப் பானை..."

நான் இருமினேன். பலமாக இருமினேன். அந்தோணி வேண்டுமென்றே இடுக்கியைக் கீழே போட்டார். ஒன்றும் பலிக்கவில்லை.

"...மார்டள்ளி அந்தோணி ஆத்து ஆட்டுக்கறிச் சட்டி, ஆறு வருஷம்."

படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தோம் என்பது சாமிக்கு உறைத்தது. முகம் சுண்டைக்காய் ஆகிவிட்டது. அண்ணா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாழி நெருப்புல இருந்தது?"

"ஒரு மணி நேரத்துக்கு மேலே."

"நன்னாச் செவந்துதோ?"

"நீங்களே பார்த்தேளே அண்ணா."

"பார்த்தேன். விடு."

கிண்ணத்தைத் தூக்கினார். இங்கேதான் ஜப்பானியர்கள் காலை வாரிவிட்டார்கள். அவர்கள் கிண்ணம் உதட்டில் வைத்துக் குடிப்பதற்கு. இவர் பிறந்ததிலிருந்து அண்ணாந்து தூக்கிக் குடித்தவர். அகல வாயிலிருந்து தண்ணீர் மூக்கில் பாதி, மார்பில் பாதி கொட்டி, நெற்றித் திருமண் கரைந்து வழிந்தது. வாய்க்குள் ஒரு சொட்டு போகவில்லை. சாமி மிச்சத்தை நிரப்பினார். அண்ணா சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு கிண்ணத்தை உதட்டில் வைத்து, குழந்தை மாதிரி உறிஞ்சி, கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

குடித்து முடித்து, எச்சில் பட்ட மண்பாத்திரத்தை ஆசாரக்காரர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார். கிணற்றடியில் துவைக்கிற கல்லில் ஓங்கி அடித்தார். கிண்ணம் இருபது சில்லாகச் சிதறியது.

பழக்கம்தான். அவர் யோசித்துச் செய்யவில்லை. மணி மூன்றடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. தான் என்ன செய்துவிட்டோம் என்று புரிந்ததும் அந்தப் பெரிய பண்டிதர் கல்லையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்பி..." என்றார்.

சாமி குனிந்து ஒரு சில்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "நல்ல சில்லு அண்ணா. அடுத்த மண்ணுக்கு ஆகும்" என்றார். பிறகு, "இன்னும் கொஞ்சம் தீர்த்தம்?" என்று கேட்டார்.

பாத்திரம்தான் இல்லையே. அண்ணா மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். பிறகு குனிந்து, இரண்டு கையையும் குவித்து நீட்டினார்.

"கையில விடு."

சாமி விட்டார். பித்தளைச் சொம்பிலிருந்துதான் விட்டார். அது எந்தச் சொம்பு என்று அண்ணா பார்க்கவே இல்லை. சொம்பு காலியாகும் வரை நிமிரவும் இல்லை.

மூன்று மணிக்கு மேலதிகாரி வந்து, சுற்றிலும் தேடிவிட்டு, "எல்லிரீ, கிண்ணம் எல்லி?" என்றார். சாமி அண்ணாவைக் காட்டி, "குடிச்சுட்டார் சார்" என்றார். மாற்றல் உத்தரவை அன்று மாலையே நான் அடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பிழைகளோடு எந்தக் கடிதமும் அடித்ததில்லை. அன்றைக்கு மோர் வாசனையும் இல்லை.

சாமி குழாய்ப் பிரிவுக்குப் போனார். அங்கேயும் நூற்றாறு பிசைதான். அதனால்தான் மைசூரில் சில தெருக்களில் சாக்கடைக் குழாய் இன்றைக்கும் உடையாமல் இருக்கிறது என்று அந்தோணி கடைசி வரைக்கும் சத்தியம் செய்தார். அண்ணா மாதாமாதம் வந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் அதற்குப் பிறகு அவருக்குத் தீர்த்தம் எடுத்து வைக்க வேண்டி வரவில்லை.

சாமி போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. இப்போது யாரும் மண்சட்டியில் சமைப்பதில்லை. ஆனாலும் எப்போதாவது ஒரு கிரகணம் விட்டதும் தெருமுனையில் ஒரு பழைய சட்டி கிடந்தால், நான் சும்மா தாண்டிப் போவதில்லை. என் பேத்தி திட்டுகிறாள். திட்டட்டும். எடுத்து வந்து கொல்லையில் ஒரு கோணியில் போட்டு வைத்திருக்கிறேன், அவருக்கு ஆகும்.